பலகையும் பதிவேடும்

1

முக்கொம்பில் என் பெரியப்பா இருபத்தாறு வருஷம் லஸ்கராக வேலை பார்த்தார். லஸ்கர் என்ற சொல்லே இப்போது பலருக்குப் புதிதாக இருக்கும். பொதுப்பணித்துறையில் மதகுகளையும் கரைகளையும் பார்த்துக்கொள்கிற கடைநிலை ஊழியர். கதவை ஏற்றுவது, இறக்குவது, கரையில் எலி வளையோ நண்டு வளையோ விழுந்திருக்கிறதா என்று நடந்து பார்ப்பது, அளவுகோலில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று படித்து வந்து சொல்வது, இவைதான் வேலை.

நான் பள்ளிக்கூட லீவில் அவரோடு போவேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கரூர் ரோட்டுப் பஸ் ஏறி, ஜீயபுரம் தாண்டி இறங்கி நடக்க வேண்டும். முக்கொம்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பூங்காவுக்கும் வறுத்த மீனுக்கும்தான் வருவார்கள். எனக்கு அங்கே பிடித்தது ஒரு கரும்பலகை. அதில் இடப்பக்கம் காவிரி, வலப்பக்கம் கொள்ளிடம். தினமும் காலையில் முந்தின நாள் எண்ணை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, இன்றைக்கு எந்த ஆற்றில் எத்தனை கன அடி போகிறது என்று சாக்பீஸால் எழுதுவார்கள். அதே எண் உள்ளே மேஜைமேல் கிடக்கும் பதிவேட்டிலும் ஏறும்.

பலகையில் தப்பாக எழுதினால் விரலால் துடைத்துக்கொள்ளலாம். பதிவேட்டில் அந்தச் சலுகை கிடையாது. தப்பான எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, சின்னதாகக் கையெழுத்துப் போட வேண்டும். அடித்த எண்ணும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

“தப்புன்னு தெரிஞ்சப்புறம் அது எதுக்குப் பெரியப்பா தெரியணும்?” என்று ஒருமுறை கேட்டேன்.

“தப்பு நடந்துச்சுன்னு தெரியணும்ல” என்றார்.

அந்தக் கணக்கு என் மண்டையில் ஏறப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஏற்றிவிட்டது ஒரு டிவிடி ஆர்டபிள்யூ. அழித்து அழித்துத் திரும்ப எழுதக்கூடிய தட்டு. இன்று இருபது வயதில் இருப்பவர்கள் அதைக் கையால் தொட்டிருக்கவே மாட்டார்கள். லேப்டாப்பில் தட்டு போடும் இடமே இல்லாமல் போய்விட்டது. ஆனால் அந்தத் தட்டு எங்களுக்குக் கற்றுக்கொடுத்த ஒரு கெட்ட பழக்கம் இன்னும் எல்லோர் கையிலும் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கதையை எழுதுகிறேன்.

2

2005 வாக்கில் ஸ்ரீரங்கத்தில் ஒரு டிடிபி கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, உபயதாரர் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட். ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதில் 40 ஜிபி ஹார்ட் டிஸ்க். கல்யாண சீசனில் அது வைகாசி மாதத்து வாய்க்கால் மாதிரிதான், எங்கே பார்த்தாலும் வறட்சி. ஒரு பக்கம் புது வேலை வரும்போதே இன்னொரு பக்கம் பழைய வேலையை எங்காவது தள்ளியாக வேண்டும்.

தள்ளுவதற்கு இருந்த வழிகள் குறைவு. ஃப்ளாப்பியில் 1.44 எம்பி. பென்டிரைவ் வந்துவிட்டிருந்தது, ஆனால் எங்களுக்குக் கட்டுப்படியாகிற விலையில் கிடைத்தவற்றின் கொள்ளளவு சில நூறு எம்பியைத் தாண்டாது. சாதா சிடியும் டிவிடியும் மலிவு. நொய்டாவில் ஆலை வைத்திருந்த மோசர் பேர் கம்பெனி அப்போது உலகத்தின் பெரிய டிஸ்க் தயாரிப்பாளர்களில் ஒன்று. 2007ல் அதே கம்பெனி படங்களையும் விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விற்க ஆரம்பித்தது. பெட்டிக்கடையில் தேன்மிட்டாய்க்குப் பக்கத்தில் டிவிடி தொங்கிய காலம் அது.

ஆனால் சாதா டிவிடியில் எழுதினால் எழுதியதுதான். ஒரு எழுத்துப்பிழை திருத்தினாலும் புதுத் தட்டு. எங்கள் முதலாளி அண்ணனுக்கு அது மனசு ஒப்பவில்லை. சிங்காரத்தோப்புக்குப் போனவர் ஒருநாள் கருஞ்சாம்பல் நிறத்தில் அடிப்பக்கம் மின்னும் ஐந்து தட்டுகளோடு வந்தார். சாதா டிவிடியின் அடிப்பக்கம் ஊதா கலந்து இருக்கும். இது வேறு.

“ஆயிரம் தடவ அழிச்சு எழுதலாமாம்டா. ஆயிரம்! நம்ம ஆயுசுக்கும் இந்த அஞ்சு போதும்.”

அந்தக் காசில் சாதா டிவிடி நாலைந்து மடங்கு வந்திருக்கும். ஆனாலும் ஆயிரம் என்ற எண்ணுக்கு முன்னால் எந்தக் கணக்கும் நிற்கவில்லை.

3

அந்த ஆயிரம் எங்கிருந்து வந்தது என்பது நல்ல கதை. ஸ்டான்ஃபோர்ட் ஒவ்ஷின்ஸ்கி என்று ஓர் அமெரிக்கர். கல்லூரிப் பட்டம் கிடையாது, பட்டறைக்காரர். ஒழுங்கான படிக அமைப்பு இல்லாத, கண்ணாடி போன்ற சில கலவைகள் மின்சாரம் பட்டதும் நிலை மாறுகின்றன, திரும்பப் பழைய நிலைக்கும் வருகின்றன என்று 1968ல் ஓர் இயற்பியல் ஆய்விதழில் எழுதினார். மின்சாரத்துக்குப் பதில் லேசர் ஒளியைப் பாய்ச்சினாலும் இது நடக்கும் என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெரிந்தது. ஜெர்மேனியம், ஆன்டிமணி, டெல்லூரியம் கலந்த உலோகக் கலவைகளை வைத்து ஜப்பானியக் கம்பெனிகள் அதைத் தட்டாக்கின.

வேலை செய்கிற விதம் எளிது. லேசர் ஒரு புள்ளியைச் சுமார் 600 டிகிரிக்குச் சூடாக்கி உருக்கிவிட்டுச் சட்டென்று விலகினால், அந்தப் புள்ளி ஒழுங்கில்லாமல் உறைந்துவிடும். ஒளியைக் குறைவாகத் திருப்பி அனுப்பும். அதைவிடக் குறைந்த சூட்டில் சற்று நேரம் வாட்டினால் அணுக்கள் வரிசைக்கு வந்து படிகமாகும், நன்றாகப் பளபளக்கும். மங்கல், பளபளப்பு. இந்த இரண்டை வைத்துத்தான் எல்லாவற்றையும் எழுதினார்கள். சாதா டிவிடியில் லேசர் சாயத்தைச் சுட்டு வடுவாக்குகிறது, வடு திரும்ப ஆறாது. ஆர்டபிள்யூவில் உருகி உறைவதுதான் எழுத்து, அதனால் திரும்ப உருக்கலாம்.

ஒரே மாதிரியான தட்டுக்கு மூன்று கட்சிகள் உருவாயின. டிவிடி ராம் 1998ல் கடைக்கு வந்தது. லட்சம் தடவை எழுதலாம் என்றார்கள், ஆனால் எங்கள் ஊரில் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. பயனியர் கம்பெனி 1999ல் டிவிடி மைனஸ் ஆர்டபிள்யூவைக் கொண்டுவந்தது. பிலிப்ஸ், சோனி, எச்பி எல்லாம் சேர்ந்த அணி 2001ல் டிவிடி பிளஸ் ஆர்டபிள்யூவை இறக்கியது. இவை இரண்டுக்கும்தான் ஆயிரம் தடவை. கவுன்டரில் தினமும் ஒருவராவது, “தம்பி, மைனஸ்ன்னா மட்டமா?” என்று கேட்பார்.

உறையில் 4.7 ஜிபி என்று போட்டிருக்கும். கம்ப்யூட்டரில் போட்டால் 4.38 என்று காட்டும். யாரும் திருடவில்லை. கம்பெனிக்காரர் ஆயிரம் ஆயிரமாக எண்ணினார், கம்ப்யூட்டர் 1024ஆக எண்ணியது. அண்ணனிடம் இதை எத்தனை தடவை சொன்னாலும் “அப்போ மிச்சம் முந்நூறு எம்பி எங்கடா போச்சு?” என்றே கேட்டார்.

4

அழிக்கலாம் என்பது தட்டின் குணம். ஆனால் மவுஸால் ஒரு ஃபோல்டரைப் பிடித்து இழுத்து தட்டின் மேல் போட்டதும் அது அங்கே போய் உட்கார வேண்டும் என்றால், தட்டு மட்டும் போதாது. கோப்புகளை எப்படி அடுக்குவது என்ற ஏற்பாடும் மாற வேண்டும்.

சிடி காலத்து ஏற்பாட்டுக்கு ஐஎஸ்ஓ 9660 என்று பெயர், 1988ல் வந்தது. அது கல்வெட்டு மாதிரி. என்னென்ன எழுத வேண்டும் என்று முழுவதும் முடிவுசெய்து, வரிசை போட்டு, ஒரே மூச்சில் வெட்ட வேண்டும். நடுவில் ஒரு வரியைச் செருகுவது அதன் இயல்பில் இல்லை. ஒளித்தட்டுக் கம்பெனிகள் சேர்ந்து 1995ல் யூடிஎஃப் என்ற வேறோர் ஏற்பாட்டை வெளியிட்டார்கள். 1997ல் வந்த அதன் 1.50 பதிப்பிலிருந்துதான், சிறு சிறு பொட்டலங்களாக எழுதுவது, அழிப்பது, திரும்ப எழுதுவது எல்லாம் ஒழுங்காக நடந்தது. இதை விண்டோஸில் செய்ய டைரக்ட்சிடி, இன்சிடி என்று தனி மென்பொருள்கள் வந்தன. டிரைவ் வாங்கினால் கூடவே ஒன்று கிடைக்கும்.

பிலிப்ஸ், சோனி, மைக்ரோசாஃப்ட், காம்பேக் நான்கும் சேர்ந்து ‘மவுண்ட் ரெய்னியர்’ என்று ஒரு திட்டமே போட்டார்கள். ஃப்ளாப்பியின் இடத்தில் திரும்ப எழுதும் தட்டை உட்கார வைப்பதுதான் நோக்கம். 2007 ஜனவரியில் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் இந்த இழுத்துப்போடும் வசதி உள்ளேயே இருந்தது. 2009ல் வந்த விண்டோஸ் 7 வெறும் தட்டைப் போட்டதும் நேரடியாகவே கேட்கும்: இதைப் பென்டிரைவ் மாதிரி வைத்துக்கொள்கிறாயா, இல்லை பிளேயரில் ஓட்டப் போகிறாயா?

மாதிரி என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. பென்டிரைவ் மாதிரி. உண்மையில் உள்ளே நடந்தது வேறு. டிவிடியில் 32 கேபிதான் மிகச் சிறிய எழுதும் கட்டம். பத்திரிகையில் ‘திருநிறைச்செல்வி’யில் விட்டுப்போன ஒரு ஒற்றைச் சேர்த்தாலும், டிரைவ் அந்த 32 கேபியையும் படித்து, மாற்றி, முழுசாகத் திரும்ப எழுத வேண்டும். அதோடு எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையையும் திருத்த வேண்டும். நாம் எதைப் போட்டாலும் எடுத்தாலும் அட்டவணை இருக்கும் இடம்தான் அடிபடும். ஆயிரம் தடவை என்பது தட்டு முழுவதற்கும் பொதுவான கணக்கு இல்லை, ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி. வாசல்படி தேய்கிற வேகத்தில் பூஜையறை தேயாது இல்லையா, அப்படி. அதற்காகத் தேய்ந்த இடத்துக்குப் பதில் வேறு இடம் காட்டும் மாற்றுப் பட்டியல் ஒன்றையும் யூடிஎஃப்பில் வைத்திருந்தார்கள்.

இதெல்லாம் திரையில் தெரியாது. மஞ்சள் ஃபோல்டர் ஒன்று பறந்துபோய் இன்னொரு இடத்தில் விழும் படம்தான் தெரியும். அட்டவணை கடைசியாகத்தான் எழுதப்படும், தட்டை வெளியே எடுக்கும்போது. பட்டனை அழுத்திவிட்டு நிமிஷக்கணக்கில் காத்திருப்போம். வாடிக்கையாளர் நிற்பார். “என்னப்பா, வெளிய வரமாட்டேங்குது?” “வரும் சார், கணக்கு முடிக்குது.”

கணக்கு முடிக்கும் நேரத்தில்தான் கரண்டு போகும். 2008லிருந்து தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று அந்த வயதில் கடை நடத்தியவர்களைக் கேளுங்கள். 2012ல் சென்னைக்கு வெளியே நாளில் பாதிக்கு மேல் இல்லாத நாட்களும் உண்டு. எங்கள் கடை யூபிஎஸ்ஸின் பாட்டரி ஒரு டீ குடிக்கிற நேரம் தாங்கினால் அதிசயம். கோப்புகள் எல்லாம் தட்டில் இருக்கும், அவை எங்கே இருக்கின்றன என்று சொல்லும் ஏடு மட்டும் பாதியில் நிற்கும். மறுபடி போட்டால் “இந்தத் தட்டை ஃபார்மேட் செய்யலாமா?” என்று கேட்கும். ஃபார்மேட் என்றால், மைனஸ் ஆர்டபிள்யூவை ஒரு மடங்கு வேகத்தில் முழுசாகச் செய்ய ஏறத்தாழ ஒரு மணி நேரம். அதுவரை கரண்டு நிற்க வேண்டும் என்று அரங்கனை வேண்டிக்கொள்வோம்.

இன்னொரு கூத்தும் உண்டு. புதுப்பதிப்பு யூடிஎஃப்பில் எழுதிய தட்டு பழைய விண்டோஸில் திறக்காது. எக்ஸ்பி 2.01 வரைக்கும்தான் படிக்கும். எங்களிடம் பளிச்சென்று தெரிகிற படம் வாடிக்கையாளர் வீட்டில் வெறும் தட்டு. “ஒண்ணுமே இல்லாத சிடிய குடுத்து ஏமாத்திட்டீங்களே” என்று ஒரு மாமி கடை வாசலில் நின்று சத்தம் போட்டது இன்னும் காதில் இருக்கிறது.

இத்தனை தொல்லையிலும் நாங்கள் ஆர்டபிள்யூவை விடவில்லை. காரணம் ஒன்றுதான். அது அழிந்தது, திரும்ப இடம் கொடுத்தது. இடம் என்பது அன்றைக்கு அவ்வளவு பெரிய விஷயம்.

5

2007 அக்டோபர் கடைசியில் பெரியப்பா ஓய்வுபெற்றார். கடைசி நாள் வேலையைப் படம் எடுத்துவைக்க வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. பெரியப்பாவின் மகள், என்னைவிட ஐந்து வயது மூத்தவள். நான் தெரிந்தவர் ஒருவரிடம் டிஜிட்டல் கேமரா இரவல் வாங்கினேன்.

பெரியப்பா பழைய காக்கிச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தார். கதவுகளின் மேல் ஓடும் நடைபாதையில் நடந்து காட்டினார். எந்தக் கதவு எந்த மழையில் மக்கர் பண்ணும் என்று ஒவ்வொன்றையும் தட்டித் தட்டிச் சொன்னார், வீட்டு மாடுகளை அறிமுகம் செய்வது மாதிரி. கடைசியாகப் பலகையில் அன்றைய எண்ணை அவர் கையாலேயே எழுதச் சொன்னார்கள். சாக்பீஸோடு திரும்பிப் பார்த்தபோது ஒரு படம் எடுத்தேன். அவர் சிரித்து நான் எடுத்த ஒரே படம். மொத்தம் நூற்று நாற்பது சொச்சம் படங்கள். பிறகு பூங்காவில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம்.

மறுநாள் படங்களைக் கடைக் கம்ப்யூட்டரில் இறக்கினேன். கேமராவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கார்டைக் காலி செய்தேன். ‘முக்கொம்பு’ என்று பெயர் வைத்த ஃபோல்டரை என் சொந்த ஆர்டபிள்யூ தட்டிலும் இழுத்துப் போட்டேன். ஆக இரண்டு இடத்தில் இருந்தன. அக்காவுக்குப் பிரிண்ட் போட்டுத் தருவதாகச் சொன்னேன். சம்பளம் வரட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

2008ல் கடைக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தது. அண்ணன், “எல்லாத்தையும் தூக்கிட்டு புதுசா போடு” என்றார். என் ஃபோல்டர்களைப் பார்த்தேன். முக்கொம்பு தட்டில் இருக்கிறதே என்று நினைத்தேன். ஃபார்மேட் அடித்தேன்.

2009ல் நண்பன் ஒருவன் புதுப்படம் ஒன்று வைத்திருந்தான், 4.3 ஜிபி. ராத்திரி பார்த்துவிட்டுக் காலையில் கொடுத்துவிட வேண்டும். கையில் வேறு தட்டு இல்லை. என் ஆர்டபிள்யூவைப் போட்டேன். முக்கொம்பு ஃபோல்டர் கண்ணில் பட்டது. அது கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்று நினைத்தேன். டிலீட் அடித்தேன்.

எனக்கு நினைவில் இருப்பது அந்தச் சத்தமின்மைதான். போட்டோவைக் கிழித்தால் சத்தம் வரும், எரித்தால் நாற்றம் வரும். இதில் ஒன்றுமில்லை. ஒரு கேள்வி, ஓர் ஆமாம். அந்தப் படத்தின் கதை இப்போது எனக்கு ஞாபகமில்லை.

6

2018 ஜூலையில் மேட்டூர் நிரம்பியது. ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் கரைதொட்டு ஓடியது. வெள்ளம் வடிய ஆரம்பித்த பிறகு, ஆகஸ்ட் 22 ராத்திரி, முக்கொம்பு மேலணையில் ஒன்பது கதவுகள் அடுத்தடுத்து தண்ணீரோடு போயின. மொத்தம் நாற்பத்தைந்து கதவு இருந்த பகுதி அது.

ஆர்தர் காட்டன் 1836ல் கட்டிய அணை என்று எல்லாத் தொலைக்காட்சியிலும் சொன்னார்கள். பள்ளமான கொள்ளிடம் தண்ணீரை இழுத்துக்கொள்ள, காவிரி மண்மேடிட்டுத் தஞ்சாவூர் காய்ந்ததால் கொள்ளிடத்தின் குறுக்கே காட்டன் போட்ட தடுப்பு. அவர் கட்டியது தாழ்வான ஒரு கல் அணைதான். கதவுகள் எல்லாம் பின்னால் வந்தவை. 182 வருஷத்தில் அந்த அணையும் எத்தனையோ தடவை மேலெழுதப்பட்டிருக்கிறது. ஆனால் என்ன மாற்றினோம், எப்போது மாற்றினோம் என்று ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஒரு காகிதம் இருக்கும். அதனால்தான் இன்று அதன் கதையைச் சொல்ல முடிகிறது.

மறுநாள் காலையில் அக்கா போன் செய்தாள். “தம்பி, அப்பா டிவி முன்னாடியே உக்காந்திருக்காருடா. ஒண்ணும் பேசல. அன்னிக்கு எடுத்த போட்டோல்லாம் உன்கிட்டதான இருக்கு? கொண்டாந்து காட்டேன்.”

“இருக்குக்கா” என்றேன். அதுவரை இருப்பதாகத்தான் நினைத்திருந்தேன்.

தட்டைப் படிக்க ஒரு டிரைவைக்கூட இரவல் வாங்க வேண்டியிருந்தது. தட்டு நன்றாகவே திறந்தது. ஒன்பது வருஷம், திருச்சி வெயில், ஒரு கீறல் இல்லை. கெட்டுப்போகும், தேயும், அழியும் என்று எதையெல்லாம் சொல்லிப் பயந்தோமோ, அது எதுவும் நடக்கவில்லை. உள்ளே ஒரே ஒரு சினிமா இருந்தது.

அழித்ததை மீட்கும் மென்பொருள் ஒன்றை இரவெல்லாம் ஓட்டினேன். டிலீட் என்பது அட்டவணையில் பெயரை எடுத்துவிட்டு இடத்தைக் காலி என்று குறிப்பது மட்டும்தான். மேலே வேறு ஏதாவது எழுதும்வரை உள்ளே இருந்தது அப்படியே இருக்கும். ஆனால் நான் 4.38ல் 4.3ஐ எழுதியிருந்தேன். உருகி உறைந்த புள்ளி, முன்னால் என்னவாக இருந்தது என்று சொல்லாது. சினிமா எட்டாத ஓரத்திலிருந்து மூன்று படம் கிடைத்தது. இரண்டில் புளியோதரை. மூன்றாவதில் மேல்பாதி மட்டும்: வானம், கதவுகளைத் தூக்கும் சட்டங்களின் உச்சி, ஒரு காக்கை. கீழ்ப்பாதி முழுக்கச் சாம்பல் நிறம். அதில்தான் அவர் நடந்துகொண்டிருந்திருப்பார்.

7

இந்த விஷயத்தை நம் ஆட்கள் எப்போதோ யோசித்திருக்கிறார்கள். கும்பகோணத்துக்குப் பக்கம் திருக்கோடிக்காவலில், பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி பழைய கோயிலை எடுத்துவிட்டுக் கற்றளியாக எழுப்பினார். முன்பிருந்த கற்களில் பழைய தானங்களின் கல்வெட்டுகள் இருந்தன. புதுச்சுவர் எழும்பியதும் அவற்றைப் படியெடுத்துப் பொறித்தார்கள். படியெடுத்ததை அசல் மாதிரி காட்டவுமில்லை. பழங்கற்படி என்று குறித்தே வைத்தார்கள். பழைய கல்லிலிருந்து எடுத்த பிரதி என்று பொருள். அவர்களும் மேலெழுதத்தான் செய்தார்கள். ஆனால் முதலில் படி, அப்புறம்தான் இடிப்பு. எந்த அரசியும் “வேற எங்கயாவது இருக்கும்” என்று நினைத்துக் கல்லை எடுக்கவில்லை.

ஸ்ரீரங்கம் கோயில் கல்வெட்டுகளுக்கு மட்டும் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் தனியாக ஒரு தொகுதி உண்டு, இருபத்து நாலாவது. சுவரில் நாளைக்கு யாரோ சுண்ணாம்பு அடித்தாலும், அச்சில் ஒரு படி இருக்கிறது. நான் வேலை பார்த்த கடையிலிருந்து அந்தச் சுவர்கள் நடக்கிற தூரம். தினமும் அதைத் தாண்டித்தான் தட்டை அழிக்கப் போனேன்.

திரும்ப எழுதும் தட்டு தோற்றுப்போன தொழில்நுட்பம் என்று எழுதுகிறார்கள். பென்டிரைவ் மலிவானது, அப்புறம் மேகம் வந்தது, தட்டு போயிற்று. மோசர் பேர் கம்பெனியே கடனில் மூழ்கி 2018ல் கலைக்கப்பட்டது. எல்லாம் சரிதான். ஆனால் அந்தத் தட்டு நம்மை எதற்குப் பழக்கியதோ அது தோற்கவில்லை. ஃபோனில் இடம் நிறைந்ததும் ‘இடத்தைக் காலி செய்’ என்று ஒரு பட்டன் வருகிறது. மேகத்தில் இருக்கிறதே என்று அழுத்துகிறோம். மேகத்துக்குக் காசு கட்ட வேண்டிய மாதம், ஃபோனில் இருக்குமே என்று விட்டுவிடுகிறோம். இரண்டு இடத்தில் இருக்கிறது என்ற நினைப்புதான் இரண்டு இடத்திலும் அழிக்கிற தைரியத்தைத் தருகிறது. எத்தனை பிரதி இருந்தது என்பதைவிட, அழிக்கும் முன் இன்னொன்றைத் திறந்து பார்த்தோமா என்பதுதான் கேள்வி. அந்த இரண்டு தடவையும் திறந்து பார்க்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

அந்தப் பாதிப் படத்தைப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு ஜீயபுரத்துக்குப் போனேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். தட்டு கெட்டுவிட்டது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். வழியெல்லாம் அப்படித்தான் சொல்வதாக இருந்தேன், வாசலில் அவரைப் பார்த்ததும் முடியவில்லை.

பெரியப்பா படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, ரப்பர் பேண்டு போட்ட கோடு போட்ட நோட்டுகளை எடுத்து வந்தார். பதிவேடு அலுவலகத்துக்குச் சொந்தம், வீட்டுக்கு வராது. அதனால் தினமும் பலகை எண்ணைத் தன் நோட்டில் தனியாக ஒரு படி எடுத்து வைத்திருக்கிறார். எனக்கு அதுவரை தெரியாது. கடைசி நோட்டின் கடைசிப் பக்கத்தில் 2007 அக்டோபரின் அந்தத் தேதி, காவிரி, கொள்ளிடம், இரண்டு எண்கள். கொள்ளிடத்துக்கான எண் ஒருமுறை தப்பாக எழுதப்பட்டு, ஒற்றைக் கோடு இழுக்கப்பட்டு, பக்கத்தில் சரியாக எழுதப்பட்டிருந்தது. சொந்த நோட்டுதான், கேட்க யாருமில்லை. ஆனாலும் சின்னதாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

“பலகைய அழிக்கிறது தப்பில்லடா. தெனம் அழிச்சாதான் தெனம் எழுத முடியும். நோட்டுல ஏத்தாம அழிச்ச பாரு, அதான்.”

அப்புறம் அந்தப் பாதிப் படத்தை அந்தப் பக்கத்திலேயே வைத்து நோட்டை மூடினார். “சாப்ட்டுட்டுப் போ” என்றார்.